கினிபிக் குட்டி கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது

மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கினிபிக் கூடு இருக்கிறது. சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் அதற்கு முன்னால் குந்தினால் எழும்பமாட்டார்கள். "அம்மா, எனக்கும் ஒண்டு" என்று அழுகை தொடங்கும். குட்டி இருந்தால் நான் கொடுப்பேன், காசு வாங்குவதில்லை. ஆனால் தாயையோ தகப்பனையோ அரை மணித்தியாலம் இருத்தி வைத்துப் பேசாமல் கொடுப்பதில்லை. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு தாத்தா (முஸ்லிம் அக்கா) முதல் நாளே கேட்டார்: "தங்கச்சி, இது பண்டி இனமா?" இல்லை. பெயரில் மட்டும்தான் 'பிக்' (பண்டி) இருக்கிறது. அணில், எலி போலக் கொறித்துத் தின்னும் இனம். தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக வீட்டில் வளர்த்து வந்தது. அந்தக் குளிர்ந்த மலை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிறகு பேசவேண்டும்.

முதலில் கேட்பது ஒன்றுதான்: ஐந்து முதல் எட்டு வருடம் உயிரோடு இருக்கும், அதுவரை பார்ப்பீர்களா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினால், அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுதும்போதும் கூட்டில் அது இருக்கும். பிள்ளைக்கு ஆசை விட்டுப்போகலாம். அப்போது புல் வெட்டப்போவது நீங்கள்தான்.

ஒன்றைத் தனியே கொடுக்கமாட்டேன். இது கூட்டமாக வாழ்கிற உயிர், தனியே விட்டால் சோர்ந்துபோகும். முயலோடு சேர்த்து விடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். முயல் உதைத்தால் இது தாங்காது, முயலிடம் நோய் காட்டாமல் இருக்கும் கிருமி இதற்கு நெஞ்சுச் சளியாக வரும். இரண்டு பெண், அல்லது கூடப்பிறந்த இரண்டு ஆண் எடுங்கள்.

ஆண் பெண்ணை நீங்களே பாருங்கள். நான் முதன்முதலில் வாங்கியபோது "ரெண்டும் பெட்டைதான் அக்கா" என்று சொல்லித் தந்தார்கள், நானும் நம்பினேன். இரண்டு மாதம் கழிந்து ஒரு விடியற்காலை கூட்டைத் திறந்தால் மூன்று குட்டிகள், கண் திறந்து, உரோமத்தோடு, ஓடித் திரிகின்றன. இதன் குட்டிகள் அப்படித்தான் பிறக்கும். நான் மகிழ்ந்துபோய் நின்றேன். தாய் ஈன்ற சில மணித்தியாலத்திலேயே மறுபடியும் சினைப்படும் என்பது எனக்குத் தெரியாது. கடுவனைப் பிரிக்கவில்லை. அடுத்த பத்துக் கிழமைக்குள் இன்னும் நாலு. அந்தத் தாய் மெலிந்து எலும்பாகிப்போனதைப் பார்த்த எனக்கு இப்போதும் மனது கேட்பதில்லை.

ஆகவே இதை மறக்கவேண்டாம். பெண் குட்டி நாலு கிழமையிலேயே சினைப்படலாம். ஆண் குட்டியை மூன்று கிழமையில் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரிக்கவேண்டும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஏழெட்டு மாதம் வரை ஒரு தரமும் ஈனாத பெண்ணைப் பிறகு ஆணோடு விடவே கூடாது. அதற்குள் இடுப்பெலும்பு இறுகிவிடும், குட்டி வெளியே வராமல் தாய் செத்துப்போகலாம். பார்ப்பது கடினமில்லை: மடியில் மெல்ல மல்லாத்தி, அடிவயிற்றின் கீழே விரலால் இலேசாக அமத்தினால் ஆணுக்குக் குறி வெளியே வரும். பெண்ணுக்கு ஆங்கில வை (Y) எழுத்துப் போல ஒரு பிளவு தெரியும். முலைக்காம்பை வைத்துச் சொல்லாதீர்கள், இரண்டுக்கும் இரண்டிரண்டு இருக்கும்.

இனி வெக்கை. எங்கள் ஊரில் இதைக் கொல்வது பூனையைவிட வெக்கைதான் என்று நான் நினைக்கிறேன். அதற்கு ஏற்ற சூடு 18 முதல் 24 பாகை. 27ஐத் தாண்டினால் ஆபத்து. இங்கே கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் பகலில் 30க்குக் கீழே இறங்குவது அருமை. இரண்டாம் ஈற்றில் பிறந்த ஒரு குட்டியை நான் அப்படித்தான் இழந்தேன். கூடு அப்போது பின்பக்கத் தகரப் பத்தியில் இருந்தது. களுவாஞ்சிகுடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுப் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தேன். நீட்டி நிமிர்ந்து கிடந்தது, வாயெல்லாம் எச்சில், மூச்சு படபடவென்று. ஈரத்துணி போட்டேன், பிழைக்கவில்லை. தகரத்துக்குக் கீழே கூடு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு நான் குட்டி கொடுப்பதில்லை.

ஓட்டு வீட்டு விறாந்தை நல்லது, வேம்போ மாவோ நிழல் விழுந்தால் இன்னும் நல்லது. கல்வீட்டுக்குள் நிலத்தில் சீமெந்துத் தரையோடு இருந்தால் பகலில் குளிர்மையாக இருக்கும். கூட்டுக்குள் ஒரு மண் முட்டியைச் சரித்து வையுங்கள், உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், மண்ணின் குளிர்மை அதற்குப் பிடிக்கும். கடும் வெக்கை நாளில் தண்ணீர்ப் போத்தலை ஐஸாக்கி, பழைய சாரத்துண்டில் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கத்தில் வைப்பேன். வேண்டுமென்றால் கிட்ட வரும், வேண்டாமென்றால் விலகும். காது சூடாகிச் சிவந்து, எச்சில் வடித்து, மூச்சு இளைத்தால் உடனே தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் காலையும் ஒற்றி எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

மாரியில் எதிர்ப்பிரச்சினை. கார்த்திகை, மார்கழியில் நிலமெல்லாம் ஓதம் ஏறும், ஈரப்படுக்கையில் கிடந்தால் சளியும் தோலில் பங்கசும் வரும். அந்த இரண்டு மூன்று மாதமும் கூட்டை மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுவேன். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு போக ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

பழைய முயல் கூடு இருக்கிறது, போதுமா என்பார்கள். அடியில் கம்பி வலையென்றால் போதாது. கம்பியில் நின்று நின்று உள்ளங்கால் புண்ணாகும், அந்தப் புண் எலும்புவரை போகும். ஒரு பலகை அடித்து, மேலே கடதாசி, அதற்கு மேலே துணி விரியுங்கள். என்னிடம் வெட்டுத்துணிக்குக் குறைவில்லை, தடித்த துணியாகப் பார்த்து ஓரம் அடித்துக் கொடுத்துவிடுவேன். நூல் தொங்கக்கூடாது, காலில் சுற்றும். மரக்காலையில் அள்ளும் மரத்தூள் வேண்டாம், மூக்குக்குள் போகும். இரண்டுக்கு இடம் குறைந்தது மூன்றடிக்கு இரண்டரையடி. உயரம் தேவையில்லை, ஏறாது, ஓடத்தான் வேண்டும். மேலேயும் பக்கங்களிலும் நல்ல வலை போட்டுக் கொக்கி மாட்டுங்கள். எங்கள் பக்கம் பூனை, கீரி, மரநாய், சாரை எல்லாம் உண்டு. பெரிய எலியும் குட்டியைக் கடிக்கும். கூட்டுக்காலைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைத்தால் எறும்பு ஏறாது. இன்னொன்று, நுளம்புத்திரி கொளுத்தும் அறையில் கூட்டை வைக்காதீர்கள். நெஞ்சு மென்மையான உயிர், புகை ஆகாது. நான் இரவில் கூட்டுக்கு மேலே ஒரு பழைய நுளம்பு வலையைப் போட்டுவிடுவேன்.

சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான். அதன் பல்லு சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்தால்தான் தேயும், குடலும் ஓடும். கடையில் விற்கும் வெளிநாட்டு உலர்புல் விலை கூட. கினிப்புல்லும் அறுகும் இங்கே கிடக்கிறது. காலையில் வெட்டி நிழலில் உலர்த்தி வைத்து, இரவும் பகலும் முன்னால் இருக்கும்படி போடுங்கள். வயல் வரம்புப் புல்லில் மட்டும் கவனம்: பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் மருந்தடித்த வரம்பில் வெட்டவே கூடாது. யாருடைய வயல், எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை. வைக்கோலில் சத்தில்லை, அதைச் சாப்பாடாக நினைக்காதீர்கள்.

நம்மைப் போலவே இதன் உடம்பும் விட்டமின் சீயைத் தானே உண்டாக்காது. கிடைக்காவிட்டால் மூட்டு வலித்து நடக்க மறுக்கும், முரசில் இரத்தம் வரும். கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், வளரும் குட்டிக்கு அதன் மேல்பக்கம். அதற்கு மாத்திரை தேடத் தேவையில்லை. கறிமிளகாய் ஒரு கீலம் (விதை எடுத்து), கொத்தமல்லி இலை, கங்குன், வல்லாரை என்று மாறி மாறி ஒரு நாளைக்கு ஒரு கோப்பை அளவு. கொய்யாவில் நிறைய இருக்கிறது, ஆனால் சீனியும் உண்டு, பெருவிரலளவு துண்டு கிழமைக்கு இரண்டு தரம் போதும். முருங்கை இலையில் கல்சியம் கூட, நாலைந்து இணுக்குக்கு மேல் வேண்டாம், சலப்பையில் கல் வரும். வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு, ஆனைக்கொய்யா, சோறு, பாண், பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள். சில வீடுகளில் அப்பம்மாமார் அன்பில் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவையுங்கள். தன் புழுக்கையில் மென்மையானதைத் தானே தின்னும், அருவருக்காதீர்கள், தடுக்கவும் வேண்டாம். அதில் சத்து இருக்கிறது.

நோய் வந்தால் மறைக்கும். காட்டில் பலவீனம் காட்டினால் பிடிபட்டுவிடும் என்ற பயம் வீட்டிலும் போகவில்லை. அதனால்தான் சமையலறைத் தராசு வாங்கச் சொல்கிறேன். பிறக்கும்போது 60 முதல் 100 கிராம், வளர்ந்தால் 700 முதல் 1200 கிராம். ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்துக் கலண்டரில் எழுதுங்கள். குட்டி என்றால் கூடிக்கொண்டே போகவேண்டும், ஒரு கிழமை குறைந்தாலும் ஏதோ இருக்கிறது. அரை நாள் ஒன்றும் தின்னாவிட்டால் அடுத்த நாள்வரை பொறுக்காதீர்கள், குடல் நின்றுவிடும். விடாமல் சொறிந்து உரோமம் கொட்டினால் உண்ணி. வட்டமாகக் கொட்டினால் பங்கஸ், அது பிள்ளைக்கும் தொற்றும்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் மிஞ்சிய பிள்ளையின் மருந்தைக் கொடுக்காதீர்கள். பெனிசிலின், அமொக்சிசிலின் வகை மருந்து வாயால் போனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து இதைக் கொன்றுவிடும். மாடு, ஆடு, கோழி அதிகம் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனாலும் "இது கினிபிக், பெனிசிலின் ஆகாது" என்று நீங்களே பணிவாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் இரண்டு மூன்று நாள் தொடவேண்டாம். கூட்டின் பாதியைத் துணியால் மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்து வழமையாகப் பேசுங்கள். பிறகு கையில் கொத்தமல்லி இலையை நீட்டுங்கள். வந்து வாங்கும் நாள் வரும். பிள்ளைகள் பாயில் இருந்துதான் மடியில் வைக்கவேண்டும், நின்றுகொண்டு தூக்கக்கூடாது. விழுந்தால் முதுகு முறியும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறுகை பின்காலுக்குக் கீழே. குளிப்பாட்டத் தேவையில்லை. பின்னேரம் புல் கொண்டுவரும் காலடிச் சத்தம் கேட்டு "வீக், வீக்" என்று கத்தத் தொடங்கினால் உங்களை அடையாளம் கண்டுவிட்டது. நின்ற இடத்திலேயே சோளம் பொரிவதுபோலத் துள்ளினால் பயப்படவேண்டாம், அது சந்தோஷம்.

ஐந்து கிழமை ஆகாத குட்டியை நான் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது தாயோடு கிடந்த துணியில் ஒரு துண்டும், தின்று பழகிய புல் ஒரு பையும் கூடவே தருவேன், வாசமும் வாயும் ஒரே நாளில் மாறக்கூடாது. முதல் ஒரு மாதம் ஞாயிறு ஞாயிறு நிறையை எனக்கு அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் நானே எடுத்துக் கேட்பேன். பார்க்க முடியாமல் போனால் தெருவிலோ வாவிக்கரையிலோ விடாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். கூட்டில் இடம் வைத்திருக்கிறேன்.