மழைக்காலத்தில் கோழிக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

ராத்திரி எட்டரைக்கு மேல், கோழியெல்லாம் அடைந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். டார்ச் வேண்டாம், போனையும் எடுக்காதீர்கள். நல்ல கோழி தூங்கும்போது மூச்சுச் சத்தமே கேட்காது. ஏதாவது ஒரு மூலையிலிருந்து 'கர்ர்... கர்ர்...' என்று குறட்டை மாதிரியோ, 'ப்ச்' என்று தும்மல் மாதிரியோ வந்தால் சளி ஆரம்பித்துவிட்டது. பகலில் கொத்துகிற சத்தத்திலும் சேவல் கூவலிலும் இது காதில் விழவே விழாது.

இது எனக்கு ஒரு வருடம் பிந்தித்தான் தெரிந்தது. குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் கொட்டகை, சவுக்குக் கம்பு நட்டுக் கீற்று வேய்ந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது, நாலு பக்கமும் தார்ப்பாயைத் தரை வரைக்கும் இறக்கி இறுக்கிக் கட்டிவிட்டேன். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை, எனக்கு ஒரே பெருமை. மழை விட்டும் அவிழ்க்கவில்லை, எப்போது திரும்ப வருமோ என்ற பயம்தான். ஐந்தாவது நாள் உள்ளே போனால் கண் எரிகிறது. அப்புறம் ஒரு வாரத்தில் பாதிக் கோழி குறட்டை விட்டது, 140 குஞ்சில் 60-க்கு மேல் போனது. மழையைத் தடுக்கிறேன் என்று காற்றைத் தடுத்துவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

முதலில் மூக்கு

கோழி எச்சம் ஈரத்தோடு சேர்ந்து மக்கும்போது அம்மோனியா வரும். கோழியின் மூச்சுக்குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் இருக்கின்றன, தூசியையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. காற்றில் அம்மோனியா பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினால் இந்த இழைகள் முடங்க ஆரம்பிக்கும். காவல்காரன் படுத்துவிட்டால் எவன் வேண்டுமானாலும் உள்ளே வருவான் இல்லையா, அதே கதை.

இதை அளக்கக் கருவியெல்லாம் வாங்க வேண்டாம். வெளியே நல்ல காற்றில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உள்ளே போய், கோழியின் தலை உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். நாம் நிற்கிற உயரத்தில் ஒன்றும் தெரியாது, நெடி கீழேதான் இருக்கும். முதல் மூச்சிலேயே மூக்கில் ஏறினால் அளவு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் உள்ளேயே இருந்தால் மூக்குக்குப் பழகிவிடும், அதனால் அந்த முதல் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

தார்ப்பாயைத் தலைகீழாகக் கட்டுங்கள்

எல்லோரும் மேலே கட்டிக் கீழே தொங்கவிடுகிறோம். அதை மாற்றுங்கள். தார்ப்பாயின் ஓரத்தைப் பக்கச் சுவரில் கீழே கட்டிவிட்டு, கயிறு போட்டு மேலே இழுத்து ஏற்றுகிற மாதிரி வையுங்கள். எவ்வளவு மழை அடித்தாலும் மேலே ஒரு அடி, ஒன்றரை அடி திறந்தே இருக்கட்டும். சூடான காற்று நெடியோடு அந்த வழியாக வெளியே போகும், கோழி மேல் குளிர்காற்றும் நேராக அடிக்காது. கூரையின் விளிம்பை மூன்று அடி வெளியே நீட்டிவிட்டால் சாரலும் பெரிதாக உள்ளே வராது. புதிதாகக் கொட்டகை போடுபவர்கள் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கும்படியும், அகலம் 20 அடியைத் தாண்டாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூளம்

கொட்டகைத் தரையில் இரண்டு மூன்று அங்குலம் உமியோ கடலைத்தோலோ போடுவோம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் அதிகம், லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரி. பெரும்பாலும் தண்ணி டப்பாவைச் சுற்றித்தான் நனையும். டப்பாவின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் சிந்துவது குறையும்.

ஈரமான கூளத்தின் மேல் அப்படியே சுண்ணாம்பைத் தூவிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, நானும் செய்திருக்கிறேன். தூவினால் உடனே நெடி இன்னும் கூடும். காரத்தன்மை ஏறினால் எச்சத்தில் இருக்கிற அம்மோனியா வேகமாகக் காற்றில் கிளம்பும். நனைந்ததை முதலில் வாரி வெளியே கொட்டிவிட்டுப் புதுசு போடுங்கள், மீதியைக் கிளறிவிடுங்கள்.

பூசணம் பிடித்த கடலைத்தோலை மட்டும் 'வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம்' என்று எடுத்து வைக்காதீர்கள். அந்தப் பூசணத் தூள் குஞ்சின் நுரையீரலுக்குள் போய் உட்காரும். குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், ஆனால் குறட்டைச் சத்தம் பெரும்பாலும் இருக்காது. இதற்குச் சரியாகக் கேட்கிற மருந்து இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாங்கும் தீவன மூட்டையையும் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதுதான் ராணிக்கெட். கழிச்சல் என்று பெயர் இருப்பதால் வயிற்று நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள், மூச்சுக்குழாயையும் நரம்பையும் சேர்த்துத்தான் அது அடிக்கும். கழுத்து திருகிக்கொண்டு நிற்கிற கோழியைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதேதான். வந்தபின் மருந்து கிடையாது.

குஞ்சுக்கு 5 முதல் 7 நாளில் லசோட்டா என்கிற ராணிக்கெட் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. சொட்டு விட்டதும் கீழே விடாதீர்கள், குஞ்சு கண்ணைச் சிமிட்டி உள்ளே இழுக்கும்வரை பிடித்திருங்கள். நாலாவது வாரம் குடிதண்ணீரில் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் இறக்கையடித் தோலுக்குக் கீழே ஆர்2பி ஊசி, இதுவும் ராணிக்கெட்டுக்கான தடுப்பூசிதான். இதைச் சின்னக் குஞ்சுக்குப் போடவே கூடாது, வீரியம் அதிகம்.

தண்ணீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், மருந்து செத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடரைக் கலந்து, அதில் மருந்தைக் கரையுங்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் கோழிக்குத் தண்ணீர் காட்டாமல் இருந்தால் மடமடவென்று குடித்து முடிக்கும். மருந்துக் குப்பியை வாங்கி வரும்போது ஐஸ் இல்லாமல் சட்டைப்பையில் போட்டு வந்தால் அது வெறும் தண்ணீர்தான். குப்பியைப் பிரித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுவது நல்லது. பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

லசோட்டா கொடுத்த மூணு நாலு நாளில் லேசாகத் தும்மல் வரலாம், பயப்பட வேண்டாம், தானாக அடங்கிவிடும். சளி பிடித்த கோழிக்கு மட்டும் தடுப்பூசி போடாதீர்கள்.

சந்தைக்குப் போய் வந்த கோழி

சந்தையில் விலை படியாமல் திரும்பி வருகிற சேவலைத்தான் நான் ரொம்பப் பயப்படுவேன். பத்து ஊர்க் கோழியோடு ஒரே கூடையில் நாலு மணி நேரம் இருந்துவிட்டு வந்திருக்கிறது. அதையும், புதிதாக வாங்குவதையும் 21 நாள் தனியாக வையுங்கள், தண்ணி டப்பா முதற்கொண்டு எல்லாம் தனி. தீனி போடும்போது பழைய கோழிக்கு முதலில், புதுசுக்குக் கடைசியில். மாற்றிச் செய்தால் தனியாக வைத்ததே வீண்.

அதையும் மீறி வந்துவிட்டால்

குறட்டை கேட்ட கோழியை அந்த ராத்திரியே எடுத்துத் தனியே வையுங்கள். காலையில் முகத்தைப் பாருங்கள். முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கில் கெட்ட நாற்றத்தோடு சளி வந்தால் கோரைசா என்கிற பாக்டீரியா நோயாக இருக்கலாம். வீக்கம் பெரிதாக இல்லாமல் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போய்த் தீனி குறைந்தால் மைக்கோபிளாஸ்மா என்கிற நுண்கிருமி மேல் சந்தேகம். இது முட்டை வழியாகவும் குஞ்சுக்குப் போகும், அந்தப் பெட்டையின் முட்டையை அடைவைக்காதீர்கள், குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம் (மருந்து கொடுத்த நாட்களில் அதுவும் கூடாது). முட்டை ஓடு சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராக இருந்தால் ஐபி (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்) என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். இதெல்லாம் வெறும் அடையாளம்தான், இரண்டு மூன்று நோய் ஒன்றாகச் சேர்ந்தும் வரும். பார்வையை மட்டும் வைத்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊற்றாதீர்கள். வைரஸுக்கு அது கேட்காது, கேட்கிற கிருமிக்கும் அரைகுறையாகக் கொடுத்தால் அடுத்த முறை மருந்து வேலை செய்யாது. கோலிஸ்டின் என்ற மருந்தை இதனால்தான் 2019-ல் மத்திய அரசு கால்நடைகளுக்குத் தடை செய்தது. துளசி, கற்பூரவல்லி, தூதுவளை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் கொடுக்கிறேன், ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று கிடையாது.

செத்த கோழியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், ஃபிரீஸரில் உறைய வைத்துவிட வேண்டாம். புதுச்சேரிப் பக்கத்தில் இருந்தால் குரும்பாபேட்டில் கால்நடைக் கல்லூரியே இருக்கிறது. அறுத்துப் பார்த்தால்தான் எந்த நோய் என்பது தெளிவாகும்.

திடீரென்று ஒரே நாளில் பல கோழி சாய்ந்து, கொண்டை நீலம் பாய்ந்து, காலில் சிவப்புத் திட்டு இருந்தால் மட்டும் கதை வேறு. தொடாதீர்கள், எங்கும் எடுத்துப் போகாதீர்கள், அறுக்காதீர்கள், 'சாகிறதுக்குள் குழம்பு வைத்துவிடலாம்' என்ற பேச்சே வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருந்தால் அது மனிதனுக்கும் வரும். 1962-க்கோ உள்ளூர்க் கால்நடை மருந்தகத்துக்கோ போன் போட்டுச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை கொட்டகையைப் பூட்டி வையுங்கள்.

மற்ற நோயில் செத்ததைக் கெடிலம் ஆற்றிலோ வாய்க்காலிலோ வீசாமல், மூன்று நாலு அடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். சுண்ணாம்புக்கு அதுதான் சரியான இடம். கூளம் முழுவதையும் வாரி, கழுவி, காயவைத்து, கொட்டகையை மூன்று வாரமாவது காலியாக விடுங்கள். அதுவரை குஞ்சுக்காரர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.