மேக்கில் விண்டோஸ் சர்வர் திறக்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சர்வர் ஃபோல்டர் மேக்கில் திறக்கவில்லை என்றதும் பலர் ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கிறார்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் சர்வரில் எஸ்எம்பி1-ஐ, அதாவது விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறையின் பழைய பதிப்பை, இயக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மேக்கோ 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதலே எஸ்எம்பி2-வுக்கு மாறிவிட்டது, பழையது அதற்குத் தேவையே இல்லை. சர்வர் முகவரியை 'சிஐஎஃப்எஸ்' (cifs://) என்று தொடங்கச் சொல்லும் பழைய யோசனையும் வேண்டாம். அப்படிக் கொடுத்தால் மேக் எஸ்எம்பி1-இல்தான் பேசும். 'எஸ்எம்பி' (smb://) என்றே தொடங்குங்கள்.

முதலில் எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள். ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தி, சர்வர் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுங்கள். ஐபியில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் கோளாறு பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். உங்கள் அலுவலக நெட்வொர்க்கின் டொமைன் பெயர் 'டாட் லோக்கல்' (.local) என்று முடிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் அந்த முடிவை மேக் அருகிலுள்ள சாதனங்களைக் கண்டுபிடிக்கும் தன் பான்ஜூர் வசதிக்காக வைத்திருக்கிறது. பிங் சோதனைக்கு சர்வர் பதில் தருகிறதே என்று நிம்மதியடையவும் வேண்டாம். ஃபைல் பகிர்வுக்குத் திறந்திருக்க வேண்டியது 445-ஆம் போர்ட்.

அதிகம் படுத்துவது பாஸ்வேர்ட்தான். டொமைன் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், மேக் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கீசெயினில் பழையதே இருக்கும். மேக் அதையே திரும்பத் திரும்ப அனுப்ப, கணக்கு பூட்டிக்கொள்ளும். அட்மின் திறந்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். இன்னொரு முறை ரீசெட் கேட்பதில் பயனில்லை. கீசெயின் ஆக்சஸில் சர்வர் பெயரைத் தேடி, அந்தப் பதிவை அழியுங்கள். மேக்கில் நுழைந்ததும் தானாகத் திறப்பவற்றின் பட்டியலான லாகின் ஐட்டம்ஸில் அந்த ஃபோல்டர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, புதிதாக இணையுங்கள்.

இன்னொன்று, விண்டோஸில் நுழையப் போடும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது. கணக்கின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். பயனர் பெயருக்கு முன்னால் டொமைன் பெயரும் பின்சாய்வுக் கோடும் (\) சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் டொமைனில் சேர்ந்த மேக்கை உள்ளே விடவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். சர்வரின் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வழக்கமான அமைப்பில், டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் மறுத்துவிடும்.