ஹெட் கேஸ்கட் மாற்றிய பின் இன்ஜின் மிஸ் ஆகிறதா? எங்கிருந்து தேடுவது

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடிப்பரப்பைச் சமமாக்கும் ஃபேசிங் போட்டு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் புது கேஸ்கட், புது டைமிங் பெல்ட் எல்லாம் மாட்டியாகிவிட்டது. செல்ஃப் அடித்ததும் வண்டி ஸ்டார்ட்டும் ஆகிறது. ஆனால் ஐடிலில் உதறுகிறது, சைலன்சர் ஒரு தாளம் விட்டு விட்டுச் சத்தம் போடுகிறது, பிக்கப் இல்லை. வேலைக்கு முன்பு இல்லாத மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது) வேலைக்குப் பின் வந்தால், பழுது பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். புது காயில் (ஸ்பார்க் தருவது), புது இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சுவது) என்று கடைக்கு ஓட வேண்டாம். அதே நேரம், பயந்துபோய் ஹெட்டை மறுபடி இறக்கவும் வேண்டாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்க்காமல் ஹெட் போல்ட்டில் பானா வைக்கவே கூடாது.

செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றி உருக்கிவிடும். அதை மாற்றும் செலவு நீங்கள் செய்த மொத்த ரிப்பேரைத் தாண்டலாம்.

முதலில் ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த பழுதைப் படிக்கும் கருவி) செருகிப் பழுது எண்ணைப் பாருங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்று பொருள். ஸ்கேனர் இல்லையென்றால் ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம்; கையில் ஷாக் அடிக்கும், பச்சை பெட்ரோலும் கன்வர்ட்டருக்குப் போகும்.

ஒரே சிலிண்டர் என்றால் அதன் காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் அந்தப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாறினால் குற்றவாளி இந்த இரண்டில் ஒன்றுதான். பிளக் பானாவைச் சாய்த்துத் திருகியிருந்தால் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். பிளக் குழிக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெட்டைக் கழுவி மாட்டிய வண்டிகளில் இது சகஜம்.

வயர் மாறிப்போவது அடுத்தது. நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலும் எரியும் வரிசை 1-3-4-2. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டரில் 1-3-2. தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் இரண்டு கனெக்டர்கள் இடம் மாறினால் அந்த இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து செத்துப்போகும். ஒரே காயிலிலிருந்து 1-க்கும் 4-க்கும் வயர் போகும் வண்டியில் அந்த இரண்டும் தங்களுக்குள் மாறினால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில்தான் ஸ்பார்க் வருகிறது. 1-ம் 2-ம் மாறினால்தான் வெடிச் சத்தம் கேட்கும். ஹெட்டிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரை மாட்ட மறந்தாலும் மிஸ்ஸிங் வரும், எல்லாச் சிலிண்டரிலும் மாறி மாறி.

ஐடிலில் மட்டும் உதறி, ஆர்பிஎம் ஏற்றினால் சரியாகிறதா? காற்று ஒழுகல். இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினின் உள்ளாவியை இன்டேக்குக்கு எடுத்துப் போவது), இன்ஜெக்டர் ஓ-ரிங் இவற்றைப் பாருங்கள். ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள்.

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஃப்யூல் பம்ப் ஃப்யூசைப் பிடுங்குங்கள், காயில் கனெக்டர்களைக் கழற்றுங்கள், எல்லாப் பிளக்கையும் எடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி செல்ஃப் அடியுங்கள். மிதிக்க மறந்தால் காற்று போதாமல் எல்லாமே குறைவாகக் காட்டும், வீண் பயம். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை வரும். ஆனால் தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் கதை சொல்லும்.

எல்லாம் ஒரே அளவில் குறைந்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறது. 20 பல் கிராங்க் சக்கரத்தில் ஒரு பல் மாறினால் 18 டிகிரி போச்சு. பல வண்டிகளில் பெல்ட் சக்கரத்தின் குறியும் வெளிப் புல்லியின் இக்னிஷன் குறியும் வேறு வேறு. புல்லிக் குறியை நம்பி பெல்ட் மாட்டுவதால்தான் பாதி தவறு. பிளக் இல்லாமல், இன்ஜின் சுற்றும் திசையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி குறி பாருங்கள். நடுவில் இறுகி நின்றால் பலம் போடாதீர்கள், வால்வு பிஸ்டனில் முட்டுகிறது.

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்தால் நடுவில் கேஸ்கட் பிடிக்கவில்லை. 2-ம் 3-ம் செத்துப்போன வண்டியில் காயில் கனெக்டர் மாறியதா, கேஸ்கட் போனதா என்று பிரித்துச் சொல்வதும் இந்த டெஸ்ட்தான்.

ஒரே சிலிண்டர் குறைந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கில் ஒழுகல். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு கிரைண்டிங் செய்த ஹெட்டில் வால்வு முன்பைவிட உள்ளே போய் உட்காரும். அதனால் தண்டு மேலே ஏறி டாப்பெட் இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) குறைந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் மிஸ் ஆவது இதனால்தான். ஃபீலர் கேஜ் வைத்து, வண்டியின் மேனுவலில் சொன்ன அளவுக்கு வையுங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் மட்டும் மிஸ் ஆகி, வெள்ளைப் புகை தள்ளி, பிறகு தெளிந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. அந்தச் சிலிண்டரின் பிளக் மற்றவற்றைவிடத் துடைத்து வைத்தது போல இருக்கும். பிளாக்கில் பழைய கேஸ்கட் பிசிறு ஒட்டியிருந்தது, போல்ட் குழியில் ஆயிலோ தண்ணீரோ நின்றது, போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்காமல் கண்டபடி இறுக்கியது: காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். குழியில் திரவம் நின்றால் டார்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லிவிடும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது. இப்படிக் கேஸ்கட் பிடிக்காத பழுது என்றால் ஹெட்டைத் திரும்ப இறக்கியாக வேண்டும். கோணம் வைத்து இறுக்கும் வகை போல்ட் என்றால் பழையதைப் போடாதீர்கள், அது ஏற்கெனவே நீண்டிருக்கும்.

எல்லாம் சரி, இன்ஜினும் வழுவழுவென்று ஓடுகிறது, ஆனாலும் பி0300 மட்டும் திரும்பத் திரும்ப வருகிறதா? சில வண்டிகளில் டைமிங் வேலைக்கோ கிராங்க் சென்சார் மாற்றியதற்கோ பிறகு, கிராங்க் சுழற்சியை இசியூவுக்கு (வண்டியின் கம்ப்யூட்டர்) ஸ்கேனர் மூலம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.