21 நாள் அடை, 8 வாரக் காவல்: வீட்டுக் கோழியில் குஞ்சு எடுக்கும் முறை

வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை முட்டை அடை வைக்கலாம்?" என்பதுதான். பொரித்த குஞ்சில் இரண்டு மாதம் கழித்து எத்தனை மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை. முதல் முறை நானும் கேட்கவில்லை. 11 குஞ்சுகள் பொரித்து வாசலெல்லாம் கீச்சுக்கீச்சென்று திரிந்தன. இருபத்தைந்தாவது நாள் ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றது. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்பது போய்விட்டன, தாய்க்கோழியும் போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டிருந்தால் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். அதனால்தான் இதில் அடை வைப்பதைச் சொல்லும் அளவுக்கு, அதற்குப் பிந்தைய எட்டு வாரத்தையும் சொல்கிறேன்.

முதல் படி: முட்டை சேர்ப்பது

கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் சேவல் கிடையாது; சேவல் சேராத முட்டையில் கரு இருக்காது. சேவலோடு மேய்கிற கோழியின் முட்டைதான் வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

நாட்டுக்கோழி ஒரு சுற்றில் 10 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். தினமும் இடாமல் இடையிடையே நாள் விட்டு இடுவதால், முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இடையே மூன்று வாரம்கூட ஆகிவிடும். அத்தனையையும் சேர்த்து அடை வைத்துவிட்டுப் பாதி கூமுட்டையாகிவிட்டதே என்று வருந்துவது வழக்கம். ஏழு நாளுக்கு மேல் ஆன முட்டையில் பொரிப்புத் திறன் குறைந்துகொண்டே போகும். கத்திரி வெயில் காலத்தில் நாலைந்து நாளுக்கு மேல் வைக்கவே கூடாது. முதலில் இட்ட முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கடைசி வாரத்து முட்டைகளை மட்டும் அடைக்கு வையுங்கள். எண்ணிக்கை போதவில்லை என்றால் அதே வாரத்தில் இட்ட முட்டைகளை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கலாம்.

சேர்க்கும் முட்டையை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஒரு மண்சட்டியில் ஈர மணலை நிரப்பி, அதன்மேல் துணி விரித்து, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி நிழலில் வைத்தால் போதும். கழுவவும் கூடாது. ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. அது போய்விட்டால் ஓட்டின் துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகும். எச்சம் அப்பிய முட்டை, கீறல் விட்டது, மிகப் பெரியது, மிகச் சிறியது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: அடைக்கோழியை அறிவது

அடைக்கு வந்த கோழி கூட்டைவிட்டு நகராது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு "கர்ர்" என்று உறுமும், கையைக் கொத்தும். வயிற்றைத் தடவிப் பார்த்தால் அங்கே இறகு உதிர்ந்து, தோல் சூடாகத் தட்டுப்படும். முட்டைக்குச் சூடு நேராகப் போய்ச் சேர உடம்பே செய்துகொள்கிற ஏற்பாடு அது.

பழைய கோழி, அதுவும் முன்பு ஒருமுறை குஞ்சு வளர்த்த கோழி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முதல் முறை அடைக்கு வரும் விடைக்கோழி சில நேரம் பத்தாம் நாளில் எழுந்து போய்விடும். சந்தேகம் இருந்தால் இரண்டு கூமுட்டையை வைத்து இரண்டு நாள் உட்காரவிட்டுப் பாருங்கள். நிலைத்து உட்கார்ந்தால் பிறகு நல்ல முட்டையை மாற்றலாம்.

மூன்றாம் படி: கூடை தயாரிப்பது

அகன்ற மண்சட்டியோ மூங்கில் கூடையோ போதும். அடியில் மூன்று விரற்கடை அளவுக்கு மணல், அதன்மேல் வைக்கோல். நடுவில் கையால் அழுத்தி லேசாகக் குழிவு செய்யுங்கள். குழிவு அதிகமானால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். தட்டையாக இருந்தால் ஓரத்து முட்டைகள் உருண்டுபோய்ச் சூடு கிடைக்காமல் கெடும். வைக்கோலுக்கு அடியில் ஒரு பிடி காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டால் செல் (கோழிப்பேன்) அண்டுவது குறையும்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். ஓட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரத் தொடங்கும் குஞ்சை எறும்பு மொய்த்தால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே கல் வைத்து, கல்லின்மேல் கூடையை வைப்பதுதான் நம்பகமான வழி.

எங்கள் பக்கம் கூடைக்குள் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போடுவார்கள், இடிச் சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்க என்று. முட்டையை ஒற்றைப்படையில் வைப்பதும் அப்படிப்பட்ட வழக்கம்தான். இவற்றால் தீங்கு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் மனம்போலச் செய்யுங்கள். முட்டையின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டியது கோழியின் உடம்புதான். நடுத்தரக் கோழிக்கு 9 முதல் 12. கோழி உட்கார்ந்த பிறகு வெளியே ஒரு முட்டைகூடத் தெரியக் கூடாது.

எல்லா முட்டையையும் ஒரே நாளில், இருட்டத் தொடங்கும் நேரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் கரியாலோ பென்சிலாலோ ஒரு கோடு போடுங்கள். வேறு கோழி வந்து அதே கூடையில் முட்டை இட்டுவிட்டுப் போவது உண்டு. கோடு இல்லாத முட்டையைப் பார்த்தவுடன் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 21ஆம் நாள் மற்றவை பொரித்துத் தாய் எழுந்துவிடும், அது பாதிக் கருவோடு கிடக்கும்.

நான்காம் படி: 21 நாள்

கோழி நாளுக்கு ஒருமுறை, 15 அல்லது 20 நிமிடம் வெளியே வரும். இரை எடுத்து, தண்ணீர் குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்று போட்டு, மணலில் புரண்டுவிட்டுத் திரும்பும். தீனியையும் தண்ணீரையும் கூடைக்கு நாலைந்து அடி தள்ளி வையுங்கள். சில கோழிகள் எழவே எழாமல் இளைத்துப்போகும். அவற்றை நாம்தான் தூக்கிவிட வேண்டும். தூக்கும் முன் இரண்டு இறக்கையையும் மெல்ல விரித்துப் பாருங்கள். இறக்கைக்குள் இடுக்கிக்கொண்ட முட்டை விழுந்து உடைவது அடிக்கடி நடக்கிறது.

ஏழாம் நாள் இரவில் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் பொருத்தினால் உள்ளே ஒளிரும். நல்ல முட்டையில் நடுவே கருமையான ஒரு புள்ளியும், அதைச் சுற்றிச் சிலந்திவலைபோலச் சிவப்பு நரம்புகளும் தெரியும். சற்று நேரம் அசைக்காமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி துடிப்பதையும் காணலாம். முதல் முறை பார்க்கும்போது குழந்தைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் கரு இல்லை. நரம்பில்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், அழுகிய முட்டை கூடைக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளும் பாழ். பதினான்காம் நாள் இன்னொரு முறை பார்க்கலாம். அதற்குள் காற்றறையைத் தவிர எல்லாம் இருண்டிருக்க வேண்டும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கூடையைத் தொடக் கூடாது.

ஐந்தாம் படி: பொரிக்கும் நாள்

இருபதாம் நாள் கூடையருகே காது வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். தாயும் தொண்டைக்குள் பதில் கொடுக்கும். ஓட்டில் முதல் விரிசல் விட்ட பிறகு குஞ்சு வெளியே வர 12 மணி நேரமோ, ஒரு நாள் முழுவதுமோகூட ஆகலாம். பாவம் பார்த்து ஓட்டை உரிக்காதீர்கள். உள்சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துப்போகும்.

இரைக்கும் அவசரமில்லை. வெளியே வருவதற்குமுன் மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டு நாள்வரை அது தாங்கும். எல்லாம் பொரிக்கும்வரை தாயைக் கிளப்பாமல், வெற்று ஓடுகளை மட்டும் அகற்றிக்கொண்டிருந்தால் போதும். 22ஆம் நாள் தாண்டியும் பொரிக்காதது இனிப் பொரிக்காது.

ஆறாம் படி: பஞ்சாரத்தில் இரண்டு வாரம்

பஞ்சாரம் என்பது கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை. தாயும் குஞ்சுகளும் இரண்டு வாரம் அதற்குள் இருக்கட்டும். முதலில் தண்ணீர். ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அதன் இடுக்கில் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். சாதாரணக் கிண்ணம் வைத்தால் குஞ்சு விழுந்து நனைந்து, குளிரில் விறைத்துச் சாகும். பிறகு நொய், உடைத்த கம்பு. இவற்றை மட்டுமே கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. குஞ்சுக்குப் புரதம் வேண்டும். கால்நடைத் தீவனக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனத்தை முதல் ஒரு மாதம் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்.

செலவில்லாத புரதம் கரையான். பழைய பானைக்குள் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, அட்டைத்துண்டு எல்லாவற்றையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே வெள்ளைவெளேரென்று இருக்கும். அதைக் குஞ்சுகளின் முன் உதறிவிட்டால், தாய் ஒவ்வொன்றாக அலகில் எடுத்துக் கீழே போட்டுப் போட்டுக் "கொக் கொக்" என்று கூப்பிடும். இரை எது என்று குஞ்சு அப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

பஞ்சாரத்தை ஈரமில்லாத தரையில் கவிழ்க்க வேண்டும். இரவில் அதுவும் போதாது; பெருச்சாளி மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்த பெட்டியோ, சிமெண்டுத் தரையோ வேண்டும்.

ஏழாம் படி: தடுப்பு மருந்து

வெள்ளைக்கழிச்சலுக்கு இராணிக்கெட் நோய் என்றும் பெயர். 1920களில் இந்தியாவில் இது கண்டறியப்பட்ட இன்றைய உத்தராகண்டின் ராணிகேத் ஊர்ப்பெயர் அப்படியே நின்றுவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு வாங்கும், சில கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து கிடையாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வந்த பிறகு மருந்து கிடையாது. வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாளும் ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டிருந்தேன்.

முறை இதுதான். 7ஆம் நாளை ஒட்டி எஃப் வகை அல்லது லசோட்டா மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரத்தில் லசோட்டா மறுபடியும். எட்டாவது வாரத்தில் ஆர்டிவிகே ஊசி, இறக்கைக்கு அடியில், தோலுக்குக் கீழே. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை, பெரும்பாலும் பிப்ரவரியில், இரண்டு வாரம் ஊர் ஊராக இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் குஞ்சின் வயது அதற்குப் பொருந்தினால் நல்லது, ஆனால் முகாமுக்காக ஏழாம் நாள் சொட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

சொட்டு மருந்துக் குப்பி ஒன்று நூறு குஞ்சுக்கு மேல் வரும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியாக வாங்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரு குப்பி எல்லோருக்கும் ஆகும். ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மாலை நேரம் நல்லது. சோர்ந்திருக்கும் குஞ்சுக்குப் போட வேண்டாம்.

சந்தையில் வாங்கிய கோழியை நேராக மந்தையில் விடாமல் மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள். செத்த கோழியைக் குளத்திலும் குப்பையிலும் எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். நோயை ஊர் முழுக்கப் பரப்புவது இந்த இரண்டும்தான்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக் கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணிதான் காரணம். தரையைக் காயவைத்து, அன்றே மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்தால் அம்மை, கொசு பரப்புவது. அதற்கும் தடுப்பூசி உண்டு. செல் தொல்லைக்குச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் நிரப்பி வைத்தால் கோழியே புரண்டு உதிர்த்துக்கொள்ளும்.

எட்டாம் படி: வெளியே விடுவது

இரண்டு வாரம் கழிந்ததும் பனி காய்ந்த பிறகு தாயோடு வெளியே விடலாம். வல்லூறும் காகமும் மேலிருந்து வரும், கீரி வேலியோரமாக வரும். முற்றத்தில் வெட்டவெளி மட்டுமே இருந்தால் குஞ்சு ஓடி ஒளிய இடமிருக்காது. தாழ்வான செடிப் புதரோ, சாய்த்து வைத்த தென்னங்கீற்றோ பத்தடிக்கு ஒன்று இருக்கட்டும். தாய் ஒரு நீண்ட குரல் கொடுத்ததும் குஞ்சுகள் அதற்குள் பாய்ந்து அசையாமல் படுத்துக்கொள்வதைப் பார்ப்பீர்கள். அந்தக் குரல் கேட்டவுடன் நீங்களும் வெளியே ஓடி வந்து வானத்தைப் பாருங்கள்.

ஆறு வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடையே ஒருநாள் தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். அது அடுத்த சுற்று முட்டைக்கு ஆயத்தமாகிறது, தடுக்க வேண்டாம். முதல் சில நாள் குஞ்சுகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடும். பிறகு ஒரு மாலை, தாங்களாகவே தாழ்ந்த கிளையிலோ மூங்கில் குச்சியிலோ வரிசையாக ஏறி உட்கார்ந்துவிடும். அப்போது அவற்றை எண்ணிப் பாருங்கள். ஆர்டிவிகே ஊசிக்கு எத்தனை என்று மருந்தகத்தில் சொல்ல அந்த எண்ணிக்கை வேண்டும்.