கர்ப்பிணியைப் பாம்பு கடித்தால் செய்யக் கூடாதவை

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர் பக்கம் பெரும்போக வெள்ளாமை வெட்டத் தொடங்கினால் கூடவே புடையன் பயமும் தொடங்கிவிடும். கண்ணாடி விரியனைத்தான் புடையன் என்கிறோம். வயிற்றில் பிள்ளையோடு வரம்பில் சோறு கொண்டுபோகிற பெண்ணும் அந்த வயலுக்குள்தான் நடக்கிறாள்.

கடிபட்டவள் கர்ப்பிணி என்றால், “விஷமுறிவு ஊசி பிள்ளைக்குக் கூடாது” என்று பயந்து வீட்டார் தயங்குவதுதான் மிகப் பெரிய தவறு. பிள்ளையைக் கொல்வது விஷம், ஊசி அல்ல. புடையன் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். அப்போது நச்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் போகலாம். தாயின் பிரஷர் விழுந்தால் பிள்ளைக்கு ஒட்சிசன் குறையும். கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் இப்படித்தான் வருகின்றன. தாய் பிழைத்தும் பிள்ளை தவறிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. ஊசி தேவை என்று டாக்டர் முடிவெடுத்தால் கர்ப்பிணிக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான். நடுக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் போன்ற ஒவ்வாமை வரலாம், உண்மைதான். அதைச் சமாளிக்கும் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரியில் ஏற்றுவார்கள்.

அடுத்தது, மறைப்பது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம். சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் டாக்டரிடம் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் சொல்லுங்கள். கர்ப்பவதி அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மிஞ்சி, கொலுசு, மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். வயிறு பெருத்த மாதமென்றால் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி, பிரஷரை இன்னும் இறக்கும். இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். வலிக்கு அஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும்.

பாம்பைத் தேடி அடிக்கப் போய் நேரத்தைக் கரைக்காதீர்கள். பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்பதும் அதே கணக்குத்தான். அந்த நம்பிக்கையை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் உடலில் ஏறிய விஷத்துக்கு அது மருந்தாகாது.

கட்டுவிரியன் வேறு மாதிரி. இரவில், தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடியற்காலையில் வயிற்றுவலி வரும், அப்புறம் கண் இமை சொருகும், பேச்சுக் குழறும். கர்ப்பிணியின் வயிற்றுவலியைச் சூட்டுவலி என்றோ பிரசவ வலி என்றோ நினைத்து வீட்டில் வைத்திருப்பது மோசமான தவறு. கட்டிலில், நுளம்புவலையை நன்றாகச் செருகிக்கொண்டு படுத்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

காயம் சின்னதாகத் தெரிகிறதே என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், பிள்ளையின் இதயத்துடிப்பையும் கவனிப்பார்கள். வீடு திரும்பிய பிறகும் வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, வயிறு கல்லுப்போல இறுகினாலோ, துளி இரத்தம் பட்டாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.