ஈரல், நுரையீரல் பற்றி ஒரு மருத்துவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற என் தாய்மாமாவுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் சுருக்கம். கூடவே ஒரு விசித்திரமான மூச்சுத்திணறல்: எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் குறையும். ஆஸ்துமாவென்றால் நேர்மாறாக இருக்குமே! ஈரலையும் நுரையீரலையும் சேர்த்து ஆராய்ந்த ஒரு மருத்துவரின் பெயர் கிடைத்ததும் அவர் எழுதியதைத் தேட ஆரம்பித்தேன். அப்படிக் கற்றுக்கொண்டதுதான் இது.

தேட வேண்டிய இடம் பப்மெட் (PubMed), மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையப் பட்டியல். காசு கிடையாது, போனிலேயே திறக்கும். மருத்துவரின் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். நம்மூர்ப் பெயர்களில் இனிஷியல்தான் பெரிய தொல்லை, ஒரே ஆளுக்கு அப்பா பெயர் ஒரு கட்டுரையில் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக நிற்கும், அதே பெயரில் வேறு நாலு பேரும் வருவார்கள். அதனால் பெயரோடு அவர் வேலை பார்க்கும் மருத்துவமனை, ஊர், 'லிவர்' என்ற சொல் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் கிடைத்தால் குழப்பமே இல்லை.

பட்டியல் வந்ததும் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட்டா, நூறு பேருக்கு மருந்து கொடுத்துப் பார்த்த சோதனையா, பிறர் ஆய்வுகளைத் தொகுத்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் வரிசையில் முதலில் இருப்பவர்தான் பெரும்பாலும் அதிக வேலை செய்தவர், கடைசியில் இருப்பவர் குழுவின் தலைவர். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் பப்மெட்டே மேலே எச்சரிக்கை போட்டிருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அப்புறம் கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை (abstract) படியுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டுக்கு வந்த ஒருவர் மாமாவுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார், "லான்செட்லயே வந்திருக்கு" என்றார். உண்மைதான். லான்செட் என்ற மருத்துவ இதழில் 1988இல் வந்தது, சென்னை ஆய்வாளர்களும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து எழுதியது. கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் காணாமல் போனது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். படித்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதே சுருக்கத்தில் 'முதற்கட்ட ஆய்வு' என்றும் இருக்கிறது, மருந்து கொடுத்ததோ 30 நாள்தான். பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை, பல சோதனைகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2011 தொகுப்பும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே முடித்தது. எல்லாவற்றுக்கும் மேல், அது ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குச் செய்தது, மாமாவுக்கு அந்த வைரஸே கிடையாது! ஆக எந்தக் கட்டுரையிலும் முதலில் கேட்க வேண்டியது, இதில் இருப்பவர்கள் நம் வீட்டு நோயாளி மாதிரி ஆட்கள்தானா என்பது.

முழுக் கட்டுரை பூட்டியிருந்தால் பணம் கட்டாதீர்கள். முழுக் கட்டுரைகளை இலவசமாக வைத்திருக்கும் பிஎம்சி (PMC) தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பலர் அனுப்பி வைப்பார்கள்.

எனக்கு உதவியது ஒரு கட்டுரையின் சின்னச் சுருக்கம். ஈரல் கெட்டவர்கள் சிலருக்கு நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்துபோய், ரத்தம் போதிய ஆக்சிஜன் வாங்காமலே கடந்துவிடுமாம், ஹெபடோபல்மனரி சின்ட்ரோம் என்று பெயர். மாமாவின் மூச்சுத்திணறல் அப்படியே அதில் இருந்தது. ஓபியில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், அதில் கட்டுரையை நீட்டி வாதாட வேண்டாம், அறிகுறியைச் சொல்லி "இதுவாக இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். நான் கேட்டதும் டாக்டர் மாமாவைப் படுக்க வைத்து விரலில் ரத்த ஆக்சிஜனை அளக்கும் கிளிப்பை மாட்டினார், 95 சதவீதம் காட்டியது. எழுந்து நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் 88. உடனே எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு எழுதினார்.