தாது வருடப் பஞ்சப் படங்களைப் பார்ப்பது எப்படி?

1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த ஒளிப்படங்கள் இடம்பெறும் கண்காட்சிக்குச் செல்பவர்கள், விளக்க அட்டையைப் படிப்பதற்கு முன்னர் படத்தையே சில நிமிடங்கள் பார்க்க வேண்டும். விலா எலும்புகள் துருத்திய உடல்களிலேயே கண்களை நிறுத்திவிடாமல், அம்மனிதர்கள் குடும்பப் படத்துக்குப் போல எவ்வாறு வரிசையாக நிறுத்தியும் அமர்த்தியும் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த ஒழுங்கு தற்செயலானதன்று. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி. அதன் பிறகு அட்டையைப் படித்தால், எடுத்தவரின் பெயர் இருக்க, பசியில் வாடியவர்களின் பெயர் எங்கும் இல்லாதிருப்பது புலப்படும் (என் கருத்தில், அந்தச் சுவரில் மிக முக்கியமான செய்தி அதுவே). அசல் பிரதியா, மறு அச்சா என்பதை ஊழியரிடம் கேட்டறியுங்கள். அக்காலத்து ஆல்புமென் தாள் (முட்டை வெள்ளைக்கரு பூசிய ஒளிப்படத் தாள்) பிரதிகள் வெளிச்சத்தில் மங்கக்கூடியவை என்பதால், ஃபிளாஷ் பயன்படுத்தாதீர்கள். சிறுவர்களை அழைத்துச் செல்வோர், அவர்கள் காணப்போவது என்னவென்று வீட்டிலேயே எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.